கால்நடை மணிகளும் கன்னார் உலைகளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உபந்நியாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கைக்குள் அடங்குவது. மாட்டின் கழுத்திற் கட்டும் பழைய வெண்கல மணியே அது. நம் முன்னோர் வார்த்த திருமேனிகளைப் பற்றியும், சமைத்த தேர்களைப் பற்றியும், எழுப்பிய விமானங்களைப் பற்றியும் இம்மேடையிற் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். மாட்டு மணியைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. பேசுதற்கு அதில் என்ன இருக்கிறதென்று சிலர் எண்ணக்கூடும். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தால் இழந்ததொன்றைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் மணியின் வரலாற்றைச் சிறிது கூற இடந்தர வேண்டுகிறேன்.

நமது சோழநாட்டில் மணியென்றதும் நினைவுக்கு வருவது திருவாரூர். மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான் என்பதும், இளவரசன் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று மாண்டதும், தாய்ப்பசு வந்து அம்மணியை அசைத்து முறையிட்டதும், அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிந்ததும் சிறு குழந்தையும் அறிந்த கதை. சிலப்பதிகாரம் அதனைச் சுட்டுகிறது, பெரியபுராணம் விரித்துரைக்கிறது. தியாகராஜர் கோயிலுக்கு அருகே கல்லிற் சமைத்த தேரொன்றும் அந்நினைவாக நிற்கிறது. அக்கதையில் அரசன் உண்டு, மகன் உண்டு, அமைச்சன் உண்டு, பசுவும் கன்றும் உண்டு. ஆனால் அம்மணியை வார்த்தவன் எவன் என்று கேட்டவர் உண்டோ? வாயற்ற ஒரு பிராணிக்கு அரசன் செவியிற் புகும் குரலைக் கொடுத்தவன் அவனல்லவா? அவன் பெயரைப் புராணமும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்று என் பேச்சு முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே நிற்கும்.

ஆனிரைக்கு மணி கட்டுதல் நம் நாட்டிற் பழைய வழக்கம். குறுந்தொகையின் 275ஆம் பாட்டில், ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் ஓர் அழகிய ஐயத்தை அமைத்திருக்கிறார். அந்திப் பொழுதில் மணியோசை கேட்கிறது. அது புல் மேய்ந்து வீடு திரும்பும் பசுக்களின் மணியோ, போர்முனையிலிருந்து மீளும் தலைவனுடைய தேரின் மணியோ என்று தோழியும் தலைவியும் மேட்டிலேறிப் பார்க்கப் போகின்றனர். அகநானூற்றின் 4ஆம் பாட்டிலோ குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமேயென்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ஓசையைக் கேட்டே இன்ன மணியென்று ஆராயும் பழக்கமும், மணியின் உள்ளே தொங்குவதை 'நா' என்று வழங்கும் வழக்கும் அக்காலத்திலேயே இருந்தன என்பதை இவை விளக்கும். நாவென்றால் பேச்சு உண்டு. நம் மக்கள் மணியைப் பேசும் பொருளாகவே கருதினர்.

காவிரியின் கிளைகள் பாயும் இந்நாட்டிற் கால்நடையின் பெருக்கத்தைத் தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள் காட்டும். முதலாம் இராஜராஜன் காலத்தில் அங்கே ஒரு நந்தா விளக்கு எரிதற்கு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ விடப்பட்டன; அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஒரு விளக்குக்கு இத்தனையானால், அத்தகைய விளக்குகள் பல எரிந்த நாட்டில் எத்துணை மந்தைகள் உலவியிருக்கவேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம்.

மந்தைக்கு மணி அழகுக்கு மட்டும் அன்று. தஞ்சைப் பகுதியில் சம்பா நெல் அறுவடையாகுமுன்பே உளுந்தும் பயறும் அதே வயலில் விதைக்கப்படும். நெல் அறுத்தபின் ஈரத்தின் மிகுதியிலே அவை வளரும். கண்ணுக்கெட்டிய தூரம் வேலியற்ற வயல். இரவில் மாடொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பயற்றில் இறங்கினால் காவற்காரனுக்கு அறிவிப்பது மணியே. இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கோடையில் கிடைபோட வரும் கீதாரிகள், இருளிற் பிரிந்த ஆட்டையும் மாட்டையும் மணியைக் கொண்டே தேடுவர். நெல்மூட்டை ஏற்றிய வண்டிகள் இரவில் வரிசையாகச் செல்லும்போது முன்மாட்டின் மணியோசைக்குப் பின்மாடுகள் தாமே நடக்கும்; வண்டிக்காரன் மூட்டைமேற் கண்ணயர்வான். எதிரே வருவோன் ஓசை கேட்டு ஒதுங்குவான்.

இவ்வட்டாரத்துக்கே உரிய உம்பளாச்சேரி மாட்டினை நீங்கள் அறிவீர்கள். பிறக்கும்போது செந்நிறமாயிருந்து சில மாதங்களிற் சாம்பல் நிறம் ஏறும் இனம் அது. சேற்றுழவுக்குப் பெயர்போனது. இளமையிலேயே அதன் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் உண்டாதலால் மொட்டைமாடு என்றும் சொல்வர். கொம்பு இருந்தால் அதற்குக் குப்பி மாட்டலாம், சாயம் பூசலாம். கொம்பில்லா மாட்டுக்குக் கழுத்தும் நெற்றியுமே அணி தாங்கும் இடங்கள். எனவே உழவன் தன் ஆசையெல்லாவற்றையும் அக்கழுத்து மணியிலே வைத்தான்.

நிற்க. மணி எதனால் ஆயது என்பதைப் பார்ப்போம். பலர் இதனை ஐம்பொன் மணி என்று கூறுகின்றனர். அவ்வாறு கூறி விலையையும் ஏற்றுகின்றனர். திருமேனிக்குரிய உலோகக் கலப்பு வேறு, மணிக்குரியது வேறு. நல்ல மணிக்கு வேண்டுவன செம்பும் வெள்ளீயமுமே. நூறு பங்கில் ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்தது சிறந்த மணி வெண்கலம் என்பது உலகெங்கும் வார்ப்போர் கண்ட அளவு. வெள்ளீயம் குறைந்தால் ஓசை மந்தமாகும். மிகுந்தால் உலோகம் கண்ணாடிபோல் நொறுங்கும். காரீயம் சேர்ந்தால் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். பொன்னைச் சேர்ப்பதால் ஓசை இனிமையாவதில்லை. செம்போடு துத்தநாகம் சேர்ந்த பித்தளையில் வார்த்த மணிகளும் பல உண்டு. அவை பார்வைக்குப் பளபளப்பாயிருக்கும். வெண்கலத்தின் நீண்ட ரீங்காரம் அவற்றிற்கு இல்லை.

இதிலே வியப்பான விஷயம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. வெள்ளீயம் மிகுதியாகக் கிடைப்பது நம் பழைய நூல்களும் சாசனங்களும் கடாரம் என்று குறிக்கும் பகுதி அடங்கிய மலேயாத் தீபகற்பத்தில். செம்பும் நம் வயலில் விளைவதன்று. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசமிருந்த காலத்தில், அவர்கள் ஜப்பான் தேசத்துச் செம்பைக் கப்பலேற்றிச் சோழமண்டலக் கரையில் விற்றனர். எனவே, கடலையே காணாத உழவன் ஒருவனுடைய மாட்டின் கழுத்தில் கடல் கடந்து வந்த உலோகம் தொங்கியது. அவனுக்கு அது தெரியாது. உலையிற் சேர்த்தவனுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். ஆதலால் அவன் ஒரு குன்றிமணி உலோகத்தையும் வீணாக்கவில்லை.

கடல் தந்த உலோகத்துக்கு உருவம் தந்தது காவிரி. ஆற்றோரத்து வண்டல் மிக நுண்ணியது, நகத்தின் கீற்றையும் ஏற்றுக்கொள்ளும், சூடு தாங்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் திருமேனி வார்ப்பதற்கும், நாச்சியார்கோவில் பத்தர்கள் குத்துவிளக்கு வார்ப்பதற்கும் இம்மண்ணே துணை. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் வழியிலுள்ள நாச்சியார்கோவிலுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாகர்கோவிற் பக்கமிருந்து சில பத்தர் குடும்பங்கள் வந்து தங்கியதற்குக் காரணம் இம்மண்ணின் தகுதியே என்று அவ்வூரிற் சொல்வர். கல் கருடனால் புகழ்பெற்ற அவ்வூர், விளக்கினாலும் புகழ்பெற்றது. அவ்விளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியே. ஆயினும் விளக்கு வார்க்கும் உலையிலே மணியும் வார்க்கப்படும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

மணி வார்க்கும் முறை இரண்டு. ஒன்று பெட்டியில் மண்ணிட்டு, மாதிரியை அழுத்தி அச்சு எடுத்து, அதில் உலோகத்தை வார்த்துப் பின் கடைசல் பிடித்தல். மற்றொன்று மெழுகு வார்ப்பு. பழைய மணிகளிற் சிறந்த பல மெழுகு வார்ப்பினால் ஆனவை. முதலில் வண்டலையும் உமியையும் பிசைந்து மணியின் உட்புறத்து வடிவில் கரு உருட்டி உலர்த்துவர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகை அதன்மேற் கனம் பார்த்துப் போர்த்துவர். மெழுகை நூலாகத் திரித்து விளிம்புக்கு ஒரு சுற்று, தோளுக்கு இரண்டு சுற்று வைப்பர். மேலே கட்டுவதற்கு வளையம் சேர்ப்பர். அதன்மேல் நுண்ணிய வண்டலைப் பூசி நிழலில் உலர்த்தி, பின்னர்ப் பருமண் பூசி, மீண்டும் உலர்த்துவர். அதனை வரட்டியிட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். துருத்தி ஊதி மூசையில் உருக்கிய வெண்கலத்தை அவ்வெற்றிடத்தில் ஊற்றுவர். மெழுகின் எடையைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு உலோகம் வேண்டும் என்பது எடைக்கணக்கு. ஆறியபின் மண்ணை உடைத்தால் மணி வெளிப்படும்.

அன்பர்களே! இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மண்ணை உடைத்தால்தான் மணி கிடைக்கும். உடைந்த அச்சு மீண்டும் உதவாது. ஆதலால் மெழுகு வார்ப்பில் ஒரு மணியைப்போல் மற்றொரு மணி பிறப்பதில்லை. மெழுகின் கனம் நெல்லளவு மாறினாலும் ஓசை மாறும். ஒரே வடிவத்தில் விளிம்பு கனத்தால் குரல் உயரும். வாய் அகன்றால் குரல் தாழும். வடிவம் மாறாமல் எல்லா அளவையும் இரட்டித்தால் சுருதி பாதியாகும்; எடையோ எட்டு மடங்காகும். இதனை ஏட்டில் எழுதிப் படித்தவர் நம் முன்னோருட் சிலரே. விரலினால் மெழுகைத் தடவியே இதனை அறிந்தவர் பலர்.

சலங்கை வார்ப்பதிலே இன்னும் ஒரு நுட்பம். கழுத்துமணிக்கு வாய் திறந்திருக்கும். நாவைப் பிறகு கட்டலாம். சலங்கையோ மூடிய உருண்டை. கீழே ஒரு கீற்று மட்டும் உண்டு. உள்ளே உருளும் பரல் எவ்வழியே புகுந்தது? கருவை உருட்டும்போதே இரும்புப் பரலை அதன் நடுவில் வைத்துவிடுவர். வார்த்தபின் கீற்றின் வழியே கருமண்ணைச் சுரண்டி எடுப்பர். மண் வெளியே வரும். பரல் உள்ளே நிற்கும். இதனைக் கண்ட குழந்தைகள் கன்னாரை மாயக்காரர் என்றே நினைப்பர்.

நிற்க. இப்பெருமையைச் சொல்லும்போது நாம் ஓர் உண்மையை மறத்தலாகாது. மணி கன்னார் ஒருவரால் மட்டும் ஆனதன்று. அதன் இரும்பு நாவைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தவர் கொல்லர். அது தொங்கிய வாரைப் பதப்படுத்தித் தைத்தவர் தோற்றொழிலாளர். அதைக் கட்டி நடந்த மாட்டினை வளர்த்தவர் உழவரும் இடையரும். ஓசையின் குணத்தை உலையில் இருந்த நாம் ஒருநாள் அறிந்தோம். அவர்கள் ஆயுள் முழுதும் அறிந்தனர். நம் குலப் பெருமை பேசும் மேடையில் அவர்களை விட்டுவிட்டால் பேச்சு பாதியாகும். அவ்வாறே, கையிற் கிடைத்த பழைய மணியையெல்லாம் சோழர் காலத்தது என்று சொல்லுதலும் தகாது. எழுத்தில்லாத மாட்டு மணியின் வயதைக் கண்ணால் மட்டும் கண்டு சொல்லுதல் அரிது. நூறாண்டு மணிக்கு ஆயிரம் ஆண்டு கற்பிப்பதால் வார்த்தவனுக்குப் புகழ் கூடாது. விற்பவனுக்கு இலாபமே கூடும்.

எழுத்துள்ள மணி ஒன்றைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அது மாட்டு மணி அன்று, கப்பல் மணி. நியூஸிலாந்து தேசத்தில் 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்ஸோ என்னும் பாதிரியார், அந்நாட்டு மாவோரி மக்களிடத்தில் விளிம்புடைந்த ஒரு வெண்கல மணியைக் கண்டார். அவர்கள் அதைத் தலைகீழாக வைத்துக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக உபயோகித்து வந்தனர். அதன்மேல் இருந்த எழுத்து தமிழ்! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் கருத்து. இப்பொழுது அது வெல்லிங்டன் நகரத்துத் 'தே பாப்பா' மியூஸியத்தில் இருக்கிறது. அது எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். யான் நினைப்பது வேறு. அந்த மணியில் கப்பலுடையார் பெயர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, தமிழ் இருக்கிறது. வார்த்தவன் பெயர் அங்கும் இல்லை. திருவாரூரிற் காணாத அவனை நியூஸிலாந்திலும் காணவில்லை.

ஆனால் மாவோரி மக்களை நாம் நகைக்க வேண்டாம். மணியென்று அறியாதவர் அதனைப் பானையாக வைத்துக்கொண்டனர், உடைக்கவில்லை, உருக்கவில்லை. மணியென்று அறிந்த நாம் செய்தது என்ன? இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

என் பாட்டனார் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் உலை வைத்திருந்தவர். விளக்கும் பாத்திரமும் வார்ப்பார். தை மாதத்துக்குமுன் மாட்டு மணி வார்ப்பார். இரவில் நாங்கள் திண்ணையிற் படுத்திருக்கும்போது பெருவழியில் வண்டிகள் போகும். கண் மூடியபடியே, "அது நம் மணி, அது நம்முடையதன்று, அது நம் மணி, ஆனால் நாவை மாற்றியிருக்கிறான்" என்று சொல்வார். ஒருநாள் யான் சோதிப்பதற்காக வண்டியின் பின்னே ஓடிக் கேட்டு வந்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. பெயரை ஏன் மணியிற் பொறிக்கவில்லை என்று கேட்டேன். "பெயரைப் படிக்க வெளிச்சம் வேண்டும். மாட்டுக்கு மணி வேண்டியது இருட்டில்" என்றார். அவ்வளவுதான்.

அவரும் என் தந்தையாரும் மறைந்தபின் உலை அவிந்தது. டிராக்டர் வந்தது, உழவுமாடு குறைந்தது. வாடிக்கையாளர் பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்காத மணிகளும், வீட்டு மணிகளுமாக ஒரு கூடை நிறைய மச்சில் இருந்தன. ஒரு தீபாவளிக்குமுன், பழைய பாத்திரம் வாங்கும் வியாபாரி ஒருவர் தெருவில் வந்தார். எவர்சில்வர்ப் பாத்திரங்கள் வாங்க ஆசைப்பட்டு, யான் அக்கூடையை அப்படியே எடைக்குப் போட்டேன். மணியின் நாக்கு இரும்பாதலால் எடையிற் சேராதென்று, அவர் ஒவ்வொரு நாவையும் குறட்டாற் பிடுங்கி எறிந்தார். யான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

சில மாதங்கள் சென்றன. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். இளமையில் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். திண்ணையில் அமரத் தயங்கினார். கையைப் பிடித்து அமரச் செய்தேன். "பத்தரய்யா, நான் ஓட்டிய மொட்டைமாட்டு மணி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். அடித்தால் முதலில் ஒரு சத்தம், பிறகு உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்கும்" என்றார். வளையம் தேய்ந்துபோனதால் என் தந்தையாரிடம் கொடுத்ததாகவும், அதற்குள் மாடு இறந்துவிட்டதால் வாங்கிச் செல்லவில்லை என்றும் கூறினார். அம்மணிக்கு எவ்வளவு வேண்டும் என்று அறியாமற் கேட்டுவிட்டேன். அவர் புன்னகை செய்து, "மணியை வாங்கிப்போக வரவில்லை ஐயா. மாடு இல்லாதவனுக்கு மணி எதற்கு? ஒருமுறை அடித்துக் கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்றார்.

யான் என்ன விடை சொல்வது? விற்றுவிட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அதனாலென்ன, உங்கள் வீட்டுப் பொருள்" என்று எழுந்து போனார். அது எங்கள் வீட்டுப் பொருள் அன்று. எடைக்குப் போட்டது வெண்கலத்தை என்று எண்ணியிருந்தேன். போட்டது அவருடைய மாட்டின் குரலையும் என் பாட்டனாருடைய கையெழுத்தையும் என்று அன்றே உணர்ந்தேன். என் பாட்டனார் பெயர் பொறிக்கவில்லை என்று சொன்னேனே! பொறித்துத்தான் இருந்தார், ஓசையிலே பொறித்திருந்தார். அதனைப் படிக்கத் தெரிந்த கடைசி மனிதர் படிக்க வந்தபோது ஏடு அடுப்பிற் போய்விட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'பழையதை உருக்கிப் புதியது வார்ப்பது நம் தொழிலின் இயல்பல்லவா? நம் முன்னோரும் உடைந்த மணிகளை உலையில் இட்டவரே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெண்கல மணியிற் கீறல் விழுந்தால் அது ஒட்டுப்போட்டுப் பழைய ஓசை பெறாது. உருக்கி வார்ப்பதே வழி. ஆயின் அவர்கள் உருக்கியது ஊமையாய்ப்போன மணியை. அவ்வுலோகம் அதே ஊர் உலையிலே மற்றொரு மணியாய்ப் பிறந்து அதே ஊர்த் தெருவில் ஒலித்தது. நாம் உருக்கக் கொடுப்பதோ பேசிக்கொண்டிருக்கும் மணியை. அது எங்கே போய் என்னவாகிறது என்பதை நாம் கேட்பதும் இல்லை. வறுமையால் விற்போரை யான் குறை கூறேன். பசித்த வயிற்றுக்கு மணியோசை உணவாகாது. என்னைப்போல் தேவையின்றி விற்பவருக்கே சொல்கிறேன்.

மற்றொரு வகையாரும் இருக்கின்றனர். பழைய பொருள் என்று பெருவிலை கொடுத்து வாங்கி, மாளிகைச் சுவரில் மாட்டுவோர். அவர்களிடம் போன மணி உருகாமலாவது இருக்கும். எனினும் எந்த ஊர், எவருடைய மாடு, எந்த உலை என்னும் செய்தி அறுந்துபோகிறது. புதிய மணியை மண்ணிற் புதைத்துப் பச்சையேற்றிப் பழையதென்று விற்போரும் உளர். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தலை 1972ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியிருக்கிறது என்பதையும் அங்கத்தினர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? பெரும்பொருள் செலவாகும் காரியம் எதையும் யான் கூறப்போவதில்லை.

முதலாவது: நம் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள பழைய மணிகளை எடுத்துப் பார்க்கவேண்டும். உயரம், வாயகலம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். எந்த மாட்டுக்குக் கட்டியது, அம்மாட்டின் பெயர் என்ன, எந்த உலையில் வார்த்தது என்பவற்றைத் தெரிந்தவரை எழுதவேண்டும். தெரியாததைத் தெரியாதென்றே எழுதுக; கற்பனை கலக்க வேண்டாம். ஓசையைக் கைப்பேசியிற் பதிவு செய்துவைக்கலாம். இக்காலத்தில் அது எளிதன்றோ?

இரண்டாவது: மணியைப் புளியும் திராவகமும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அதன்மேற் படிந்த பச்சையும் கருமையும், வளையத்திலுள்ள தேய்வும், உட்புறத்தில் நா அடித்த குழியும் அதன் சரித்திரம். இரும்பு நாவைத் துருப்பிடித்ததென்று எறிந்துவிடவும் வேண்டாம். நாவற்ற மணி வெறும் கிண்ணமே.

மூன்றாவது: நாச்சியார்கோவிலிலும் சுவாமிமலையிலும் கும்பகோணத்திலும் இன்னும் உலை மூட்டும் பெரியோர் இருக்கின்றனர். நம் இளைஞர் அவர்களிடம் சென்று, மெழுகுக்கும் மண்ணுக்கும் கருவிக்கும் அவர்கள் வழங்கும் சொற்களையெல்லாம் கேட்டு எழுதி வருதல் வேண்டும். சொல் போனால் தொழில் போகும். வீட்டில் ஒரு மங்கலம் நிகழுமானால், எவர்சில்வர்க் குடம் ஒன்றைக் குறைத்து, ஒரு வெண்கல மணி வார்க்கச் சொல்லி வாங்குங்கள். உலைக்கு வேலை இருந்தால்தான் உலைக்காரன் பிள்ளை அங்கே நிற்பான்.

நான்காவது: மணியைக் கட்டி ஆண்ட உழவர், இடையர், வண்டிக்காரர் ஆகியோரிடம் நாமே சென்று கேட்கவேண்டும். அவர்கள் நம் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் முன்னோர் செய்த வேலையின் சாட்சி அவர்கள் செவியில் இருக்கிறது. அவர்கள் நம் திண்ணைக்கு வரும்வரை காத்திருந்தால் என்னைப்போல் நாணுவதே முடிவாகும்.

சென்ற மாட்டுப் பொங்கலன்று யான் அந்த முதியவர் கிராமத்துக்குப் போனேன். நாச்சியார்கோவிலில் வார்ப்பித்த புதிய மணியொன்றை எடுத்துச் சென்றேன். அவர் அதை வாங்கி, தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "நல்ல மணிதான் ஐயா, அது அன்று" என்றார். பிறகு தம் பேரன் வளர்க்கும் கன்றின் கழுத்தில் அதைக் கட்டினார். கன்று தலையை உதறியது, மணி ஒலித்தது. பேரன், "தாத்தா, இதை யார் செய்தார்கள்?" என்று கேட்டான். வார்த்த பத்தரின் பெயரை யான் சொன்னேன். பையன் அதை இருமுறை திருப்பிச் சொல்லி மனனம் செய்துகொண்டான்.

திருவாரூர் மணிக்கு நாம் கேட்கத் தவறிய கேள்வியை அச்சிறுவன் கேட்டுவிட்டான். அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க நிலையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இருக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.